நடுவில் மலை இருந்தால்தான் சரியான எக்ஸ்போஷரா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கேமராவின் திரையில் நன்றாகத் தெரிந்த படம், கணினியில் திறந்ததும் வானம் வெளுத்துப்போயோ முகம் இருண்டுபோயோ கிடக்கிறது. ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்சக் கணக்கைக் காட்டும் வரைபடத்தை, பார்த்து எடுக்கச் சொல்கிறார்கள். வரைபடம் நடுவில் மலைபோல எழும்பியிருந்தால் எக்ஸ்போஷர் (படத்துக்குக் கொடுக்கும் ஒளியின் அளவு) சரி என்று எங்கோ படித்தீர்கள். உங்கள் படங்களில் அது எப்போதும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. எங்கே தவறு?

நீங்கள் தவறே செய்யாமல் இருக்கலாம். அந்த நடு மலை விதிதான் தவறு. அதை நம்பி, நன்றாக வந்த படங்களை அழித்துவிட்டு மோசமான படங்களை வைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹிஸ்டோகிராம் என்பது வெறும் எண்ணிக்கை. படத்தில் இருக்கிற ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச அளவு உண்டு. 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை. ஒரே அளவுள்ள பிக்சல்களையெல்லாம் ஒரே குவியலாகக் குவித்து, அந்த 256 குவியல்களையும் இடமிருந்து வலமாக வரிசையாக நிறுத்தினால் கிடைப்பதுதான் அந்த வரைபடம். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. உயரம், அந்த அளவில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பது. நடுவில் ஏதாவது ஒரு குவியல் பெட்டியின் கூரையை முட்டினால் பதற வேண்டாம். அந்த வெளிச்ச அளவு படத்தில் அதிகம் என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. எக்ஸ்போஷரைப் பற்றிய செய்தி முழுவதும் இடவலத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கெடுப்பில் ஒரு முக்கியமான விஷயம் தொலைந்துபோகிறது: எந்தப் பிக்சல் படத்தில் எங்கே இருந்தது என்பது. ஒருவரின் முகத்தைப் படமெடுத்து, அதன் பிக்சல்களைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டாலும் ஹிஸ்டோகிராம் துளிகூட மாறாது. முகம் எது, சுவர் எது என்றே தெரியாத ஒன்று, முகம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்லும்? எண்ணிக்கை அதனுடையது. அந்த எண்ணிக்கை இந்தக் காட்சிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது உங்களுடையது.

பனிமூட்டத்தில் எடுத்த படத்தில் கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. எனவே நடுவில் ஒல்லியாக ஒரே ஒரு மேடு வரும். வெண்பனி மூடிய சமவெளி என்றால் மேடு வலப்பக்கம் ஒதுங்கும், ஒதுங்கத்தான் வேண்டும். இருண்ட அறையில் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வெளிச்சம் படும் முகம் என்றால் பெரும்பகுதி இடப்பக்கம் கிடக்கும். நடு மலைக்காக அந்த முகத்துக்கு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) வெளிச்சம் கூட்டினால், அறையின் இருட்டும் போய்விடும், படத்தை எடுக்கத் தூண்டிய காரணமும் போய்விடும்.

சரி, அந்த நடு மலை எண்ணம் எங்கிருந்து வந்தது? கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பதே மீட்டரின் குணம். 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையை அளந்து எடுத்தால், வழக்கமான எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற அளவுமுறை) படத்தில் அது 118 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அதாவது நடுவுக்குச் சற்று இடப்பக்கம் வந்து விழும். வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கும். கருப்புக் கோட்டைக் காட்டினாலும் அங்கேதான். வெள்ளைச் சுவர், சாம்பல் அட்டை, கருப்புக் கோட்டு மூன்றையும் தனித்தனியே சட்டகம் நிறைய வைத்து, ஆட்டோவில் எடுத்துப் பாருங்கள். மூன்று படங்களின் ஹிஸ்டோகிராமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மேடு காட்டும். மூன்றில் ஒன்றுதான் சரி. பத்து நிமிடப் பயிற்சிதான், ஆனால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (மீட்டர் சொன்னதைவிடக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வசதி) எதற்கு என்று இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லித் தராது.

டிஜிட்டல் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1940-ஐ ஒட்டி, புகைப்படக் கலைஞர்கள் அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் சிஸ்டத்தின் (கருப்பு முதல் வெள்ளை வரை வெளிச்சத்தைப் படிகளாகப் பிரிக்கும் முறை) அடிப்படையும் இதுதான். மீட்டர் சொல்வது ஐந்தாம் ஸோன், நடுச் சாம்பல். நீங்கள் அளந்த பொருள் உண்மையில் எந்த ஸோனில் உட்கார வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். வெளிர் தோல் ஒரு ஸ்டாப் மேலே, பனியின் மேற்பரப்பு இரண்டு மூன்று ஸ்டாப் மேலே, கருந்துணியின் மடிப்பு இரண்டு ஸ்டாப் கீழே. அவர்கள் ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு ஷட்டரை அழுத்திய அடுத்த நொடியே விடை கிடைக்கிறது. முதலில் முடிவு, பிறகு வரைபடம். இந்த வரிசை மாறும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இனி ஓரங்களுக்கு வருவோம். ஹிஸ்டோகிராமில் நான் கூர்ந்து பார்ப்பது இரண்டு ஓரங்களை மட்டும்தான். அவற்றிலும் வலது ஓரத்தை முதலில்.

சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் மழையில் வைத்த குவளை மாதிரி. ஒளி விழ விழ நிரம்பும். நிரம்பிய பின் விழுவதெல்லாம் வழிந்து வீண்தான். அந்த இடத்தில் மேகத்தின் மடிப்பு இருந்ததா, துணியின் நெசவு இருந்ததா என்ற தகவலே பதிவாகாது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருட்டுப் பக்கம் அப்படி இல்லை. ஒளி குறையக் குறையத் தகவல் மெல்லத் தேய்ந்து நாய்ஸுக்குள் (புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) கரைகிறது. கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கி எடுக்க முடியும். வலது ஓரம் சுவர், இடது ஓரம் சரிவு. நெகட்டிவ் ஃபிலிமில் இது தலைகீழ்: அங்கே நிழலுக்குப் போதிய ஒளி கொடுத்தாக வேண்டும், வெளிச்சப் பக்கம் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிமில் பழகியவர்களுக்குத்தான் டிஜிட்டலின் இந்தக் குணம் புதிதாகத் தெரியவில்லை.

வலது சுவரில் ஒட்டியபடி ஒரு செங்குத்துக் கோடு எழுந்திருந்தால் அத்தனை பிக்சல்கள் முட்டிவிட்டன என்று பொருள். சுவருக்கு இந்தப்பக்கம் சிறு இடைவெளி விட்டு மேடு நின்றால் அது வெறும் வெள்ளைப் பொருள், கவலை இல்லை. முட்டியிருந்தால் அடுத்த கேள்வி: முட்டியது எது? சூரியன், எரியும் பல்பு, தண்ணீரிலும் குரோமியத்திலும் மின்னும் ஒளிப்பொட்டு, இவையெல்லாம் வெள்ளையாகவே போகட்டும். அவற்றைக் காப்பாற்ற எக்ஸ்போஷரைக் குறைத்தால் மற்றதெல்லாம் இருளில் மூழ்கும். நெற்றி, மேகம், வெள்ளை உடை, பறவையின் இறகு என்றால் விடக்கூடாது.

எது முட்டியது என்று ஹிஸ்டோகிராம் சொல்லாது. அதற்கு ஹைலைட் எச்சரிக்கை இருக்கிறது. முட்டிய இடங்கள் திரையில் கருப்பும் வெள்ளையுமாக மினுக்கும். மெனுவில் அதை உடனே இயக்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுத் தகவல். முழுநிலாவை எடுத்துப் பாருங்கள், ஏன் என்று புரியும். 24×36 மி.மீ. சென்சரில் 200 மி.மீ. லென்ஸ் வைத்தால் நிலாவின் பிம்பம் சுமார் 1.8 மி.மீ. விட்டம்தான். மொத்தப் பரப்பில் அது 0.3 சதவீதம். ஹிஸ்டோகிராமில் இடது ஓரத்தில் கருவானம் ஒரு தூணாக நிற்கும். நிலா வலது ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு கீறலாக இருக்கும். அது முட்டியிருந்தாலும் வரைபடத்தில் கவனிக்க மாட்டீர்கள். மினுக்கம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மேடையில் தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகமும், இருண்ட காட்டுக்கு முன் பறக்கும் வெண்பறவையும் இதே கதைதான்.

அடுத்தது நிறங்கள். பெரும்பாலான கேமராக்கள் முதலில் காட்டுவது ஒற்றை வெள்ளை வரைபடம். வெளிச்சத்தின் மொத்தக் கணக்கு. மூன்று நிறங்களையும் அது சமமாகச் சேர்ப்பதில்லை. பரவலாகப் பயன்படும் கணக்கில் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு வெறும் 0.114 பங்கு. இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிக்சலில் சிவப்பு 255-ஐத் தொட்டு முட்டி நிற்கிறது, மற்ற இரண்டும் பூஜ்யம் என்றால், வெள்ளை வரைபடத்தில் அது 76-ல் இருக்கும். நீலம் முட்டினால் 29-ல் இருக்கும், அதாவது ஏறக்குறைய கருப்பில்! நீல விளக்கு மட்டும் எரியும் மேடையில் பாடகரின் முகத்தில் நீலம் முழுதாக வெளுத்துப்போயிருக்கும்; வரைபடமோ இன்னும் வெளிச்சம் தேவை என்பதுபோல் இடப்பக்கம் கிடக்கும்.

செம்பருத்தியை எடுக்கத் தொடங்கிய காலத்தில் இது எனக்குப் புரியவே இல்லை. வரைபடம் அழகாக நடுவில் இருக்கும், கணினியில் பார்த்தால் இதழில் ஒரு நரம்புகூட இல்லாமல் சிவப்புப் பெயின்ட் பூசிய தகடு மாதிரி இருக்கும். ஃபோகஸ் தவறு என்று நினைத்து லென்ஸைச் சந்தேகித்தேன். பிறகு சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை இயக்கிப் பார்த்தபோது சிவப்பு மட்டும் வலது சுவரில் அப்பிக்கொண்டு நின்றது. முக்கால் ஸ்டாப் குறைத்ததும் நரம்புகள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து வெள்ளை வரைபடத்தை நான் பயன்படுத்துவதில்லை. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பூக்கள், மாலை வானம், மேடை விளக்கு, மனிதத் தோல் ஆகியவற்றில் இது அவசியம். தோலில் முதலில் முட்டுவது பெரும்பாலும் சிவப்புதான்.

இப்போது பலர் அறியாத இடத்துக்கு வருகிறோம். நீங்கள் ரா கோப்பாகவே (சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தாலும், கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் பொதுவாக ராவினுடையது அல்ல. ராவிலிருந்து உள்ளுக்குள்ளேயே ஒரு ஜேபெக் செய்து, அதற்குத்தான் கணக்கெடுக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் பிக்சர் ஸ்டைல் (படத்தின் தோற்ற அமைப்பு), கான்ட்ராஸ்ட், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சரிசெய்வது) எல்லாம் அந்த ஜேபெக்கில் ஏறியிருக்கும். பகல் வெளிச்சத்தில் சென்சரின் பச்சைப் புள்ளிகள்தான் பொதுவாக முதலில் நிரம்பும். சிவப்பையும் நீலத்தையும் ஒயிட் பேலன்ஸ் பெருக்கித்தான் பச்சைக்கு இணையாக்குகிறது. அந்தப் பெருக்கலில் ஜேபெக்கின் சிவப்பு சுவரை முட்டலாம், ராவில் இன்னும் இடம் மிச்சமிருக்கும்.

எனவே ரா எடுப்பவர்கள் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து, கான்ட்ராஸ்டைக் கடைசிவரை குறைத்து வைத்தால் வரைபடம் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கும். திரையில் படம் சோகையாகத் தெரியும், பரவாயில்லை. மிச்ச இடம் எவ்வளவு என்று அளக்கவும் வழி உண்டு. ஒரு வெள்ளைத் துவாலையை நிலையான வெளிச்சத்தில் விரித்து, ட்ரைபாடில் கேமராவை வைத்து, துவாலை மட்டும் சட்டகத்தில் நிறையும்படி மீட்டர் சொன்னபடி ஒரு படம் எடுங்கள். பிறகு ஷட்டர் வேகத்தை மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறைத்துக்கொண்டே நான்கு ஸ்டாப் வரை போங்கள். எந்தப் படத்தில் மினுக்கம் தொடங்குகிறது, ராவைத் திறந்து வெளிச்சத்தைக் குறைத்தால் எந்தப் படம் வரை துவாலையின் இழை மீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கேமராவில் 2⅓ ஸ்டாப்பில் மினுக்கம் தொடங்கியது, 3 ஸ்டாப் வரை இழை இருந்தது. அந்த மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்தான் எனக்கு அனுமதி. உங்களுடையது வேறாக இருக்கும். கணினியில் ராவின் உண்மையான ஹிஸ்டோகிராமைப் பார்க்க ராடிக்கர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

ஜேபெக் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்குக் கேமரா காட்டும் வரைபடம்தான் இறுதி வரைபடம். முட்டினால் முட்டியதுதான்.

வரைபடத்தை 'வலப்பக்கம் தள்ளி எடு' என்ற அறிவுரையையும் கேட்டிருப்பீர்கள். அதை 2003-ல் பரவலாக்கியவர் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன். ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் பேசியதிலிருந்து எழுதினார். அன்று சொன்ன காரணம் எண்களைச் சார்ந்தது: 12 பிட் ராவில் 4096 படிகள், அதில் மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே 2048 படிகள், அடுத்ததற்கு 1024, பிறகு 512 என்று பாதி பாதியாகக் குறைந்து, இருட்டுக்குச் சொற்பம்தான் மிஞ்சும். கணக்கு சரிதான். ஆனால் படத்தில் கண்ணுக்குத் தெரியும் பலனுக்கு முதன்மையான காரணம் ஒளியின் இயல்பு. ஒளி துகள் துகளாக, சீரில்லாமல் வந்து விழுகிறது. சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. ஆக சிக்னல் நாய்ஸைவிட 100 மடங்கு. 100 ஃபோட்டானே விழுந்த இடத்தில் ஏற்ற இறக்கம் 10. வெறும் 10 மடங்கு. நிழல் ஏன் புள்ளி புள்ளியாக அசிங்கப்படுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. சுவரை முட்டாமல் கூடுதல் ஒளி சேர்த்துவிட்டு, பிறகு கணினியில் இறக்கினால் நிழல் சுத்தமாக வரும்.

இதில் ஒரு பெரிய தவறான புரிதல் உண்டு. ஐஎஸ்ஓவைக் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கூட்டினாலும் வரைபடம் வலப்பக்கம் நகரும். ஆனால் சென்சரில் ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலாக விழவில்லை. ஷட்டரை நீட்டியோ லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரைத் திறந்தோ தள்ளினால்தான் பலன். அடிப்படை ஐஎஸ்ஓவில், அசையாத காட்சியில், ட்ரைபாடில் நின்று எடுக்கும்போது இந்த முறை அருமையானது. ஓடும் குழந்தையை எடுக்கும்போது இதை மறந்துவிடுங்கள். அசைவில் கலங்கிய முகத்தை எந்தச் சுத்தமான நிழலும் ஈடு செய்யாது.

வரைபடத்தின் இரண்டு ஓரங்களும் ஒரே நேரத்தில் முட்டி, நடுவில் பள்ளமாக இருந்தால், காட்சியின் வீச்சு உங்கள் சென்சரை மீறிவிட்டது. ஜன்னலுக்கு முன் நிற்கும் மனிதர் இதற்குச் சரியான உதாரணம். எக்ஸ்போஷரை எப்படித் திருகினாலும் ஒரு பக்கம் போகத்தான் செய்யும். முகத்துக்கு ஃபிளாஷோ ரிஃப்ளெக்டரோ கொடுக்கலாம், அவரை நகர்த்தலாம், வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுத்து இணைக்கலாம், அல்லது முகத்தைக் கருநிழலாகவே விட்டு உருவத்தின் கோட்டை மட்டும் எடுக்கலாம். நான் பெரும்பாலும் கடைசியைத் தேர்ந்தெடுப்பேன்.

திரை ஏன் ஏமாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இரவில் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். ஒளிரும் திரையில் குறைந்த எக்ஸ்போஷர் படமும் பளிச்சென்று தெரியும். நண்பகல் வெயிலில் அதே திரை மங்கித் தெரிவதால், சரியான படத்துக்கே இன்னும் கூட்டுவீர்கள். உங்கள் வெளுத்த வானங்கள் பகலிலும் இருண்ட முகங்கள் மாலையிலும் எடுத்தவையா என்று பாருங்கள். அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். திரையின் வெளிச்சத்தை ஆட்டோவில் வைக்காமல் ஒரே அளவில் நிறுத்திவைப்பது நல்லது.

மிரர்லெஸ் கேமரா என்றால் ஷட்டரை அழுத்தும் முன்பே வ்யூஃபைண்டரில் ஹிஸ்டோகிராம் ஓடும். மிகப் பெரிய வசதி. ஆனால் அது எக்ஸ்போஷர் சிமுலேஷன் (எடுக்கப்போகும் எக்ஸ்போஷரை முன்பே காட்டும் அமைப்பு) இயங்கும்போதுதான் நம்பத்தக்கது. ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது அந்த வரைபடத்தில் ஃபிளாஷின் ஒளி இருக்காது. எடுத்த பிறகு பார்ப்பதுதான் கணக்கு.

உங்கள் வானத்துக்கு வருகிறேன். அடுத்த முறை வெளியே போனதும், காட்சியில் எது கெடக்கூடாது என்று முதலில் வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள்: மேகம், அல்லது முகம். ஒரு சோதனைப் படம் எடுங்கள். மேகம் மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறைத்து, மினுக்கம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆர்ஜிபி வரைபடத்தில் எந்த நிறமாவது சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இடது ஓரத்தில் நிழல் கொஞ்சம் முட்டினால், அந்த நிழலில் உங்களுக்கு வேண்டியது ஏதும் இல்லை என்றால், விட்டுவிடுங்கள். பிறகு அந்த அளவை மேனுவலில் பூட்டிவிட்டு, வெளிச்சம் மாறும்வரை வரைபடத்தின் பக்கமே திரும்பாமல் காட்சியைப் பார்த்து எடுங்கள். மேகம் சூரியனை மறைத்தாலோ, நீங்கள் நிழலுக்குள் நகர்ந்தாலோ மீண்டும் ஒரு சோதனைப் படம் போதும்.